துலக்கிய மூடி

விஜயதசமி காலை ஒன்பதேகாலுக்கு எலக்ட்ரீஷியன் குழந்தைவேல் பம்ப் மோட்டாரின் ஸ்டார்டர் பெட்டி மூடியைப் புரட்டிப் பார்த்தான். மூடியின் விளிம்பு அப்படி மின்னியது. குனிந்து பார்த்தால் மீசையிலிருக்கும் நரைமுடிகளைத் தனித்தனியாக எண்ணலாம்.

காவிரியாற்றோரத்து ஸ்பிரிட் கம்பெனி அது. பம்ப் ரூமில் இரண்டு மூச்சு இழுத்தால் மூன்று நாள் மாமியார் திட்டுவது காதில் விழாது என்பார்கள். கேட்டிலேயே தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஆயுத பூசைக்குக்கூடக் கற்பூரம் வெளியே வேப்பமரத்தடியில்தான். உள்ளே பூவும் பொட்டும் மட்டும். ஆனால் ஸ்டார்டருக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. ஒவ்வொரு தடவை பம்பை ஓட்டும்போதும் பெட்டிக்குள் பொறி பறக்கும். உள்ளே புகுந்த ஸ்பிரிட் ஆவி பற்றி வெடிக்கவும் செய்யும். அதற்குத்தான் கனத்த இரும்புப் பெட்டி. மூடியும் பெட்டியும் பொருந்துகிற இடுக்கில் தலைமுடிகூட நுழையாது. அதில் நசுங்கி வெளியே வருகிற நெருப்பு, பெண்டாட்டியிடம் பேசிவிட்டு வந்த பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி அடங்கித்தான் வரும்.

அந்த விளிம்பைத்தான் பாவாயி நேற்றுப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேங்காய் நாரால் துலக்கியிருந்தாள், மத்தியானம் தொடங்கிச் சங்கு ஊதும்வரை. அவள் அங்கே கூட்டிப் பெருக்குகிறவள், அவன் பெண்டாட்டி. மூடியைக் கழற்றிச் சாக்கில் வைத்து, “பூசைக்கு நல்லாத் தொடச்சு வையி” என்று சொன்னவன் அவன்தான்.

மூடியைப் பூட்டி, பதினாறு போல்ட்டையும் முறுக்கி, இடுக்கில் அளவுத்தகட்டை வைத்தான். நுழையவே கூடாத தகடு வெண்ணெயில் கத்திபோல உள்ளே போனது. இன்னொரு பக்கம் வைத்தான். அங்கேயும் போனது. இனி உள்ளே வெடித்தால் நெருப்பு அடங்காமலே வெளியே பாயும்.

பூசைக்கு ஆட்கள் உள்ளே நிறைந்துவிட்டார்கள். பாவாயியோடு பதினோரு பேர். வெளியே ஆறு டேங்கர் லாரிகள்.

“பத்தரைக்குள்ள ஓட்டோணும் குழந்தே, நல்ல நேரம் போயிரும்” என்றார் மேனேஜர் சண்முகவேல்.

“வேண்டாமுங்க. மூடி கெட்டுப்போச்சுங்க. புது மூடி வாரவரைக்கும் தொடக்கூடாதுங்க.”

“கெட்டுப்போச்சா? புதுப்பொண்ணாட்ட மின்னுது. எவன் கெடுத்தான்?”

பாவாயிக்குப் பூரிப்பு தாங்கவில்லை. “ஏனுங்க, அது நா…”

“நான்தானுங்க” என்று குழந்தைவேல் கத்தினான். “நான்தான் உப்புத்தாள் போட்டுத் தேச்சுப்போட்டேன்.”

பாவாயி அவனை முறைத்தாள். ஐந்து மணி நேர உழைப்பைக் கட்டின புருஷனே திருடுவதா? “பொய் சொல்றாருங்க! நாரு தேஞ்சதுதான் மிச்சம், இந்தக் கையைப் பாருங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். “பொண்டாட்டி வேலை சுத்தம்னா பொறுக்காதா உனக்கு?” என்று மேனேஜர் ஸ்டார்டர் பக்கம் நகர்ந்தார். “நேத்து ஓடுன மோட்டாரு இன்னைக்கு ஓடாதா? தள்ளிக்கோ சாமி.”

வெடித்தால் மோகனூர்க்காரன் நாமக்கல்லில் போய் விழுவான் என்று சொல்லிப் பார்த்தான். காலில் விழுந்தான். மேனேஜர் எலுமிச்சம்பழத்தை எடுத்தார்.

குழந்தைவேல் எழுந்தான். வெளியே தனிக்கட்டடத்தில் இருந்த மெயின் போர்டுக்கு ஓடி, ஸ்விட்சை இறக்கி, பீங்கான் ஃபியூஸ் மூன்றையும் பிடுங்கித் துண்டில் முடிந்தான். அந்த அளவில் மாற்று ஃபியூஸ் கம்பெனியில் இல்லை என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். பின்பக்க வேலியைத் தாண்டி ஆற்றில் இறங்கினான். இடுப்பளவு தண்ணீரில் நின்று துண்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபோதுதான் மூச்சு வந்தது. நீச்சல் தெரியாது என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கரைக்கு முதலில் வந்தவர் மேனேஜர். “ஏண்டா, பைத்தியமா உனக்கு? வேலை போயிரும்டா!”

“போவட்டுமுங்க.”

“ஆபீசுப் பையன் சின்னராஜைப் புல்லட்டுல நாமக்கல்லுக்கு அனுப்பிச்சிட்டேன். ஒன்றரை மணி நேரத்துல புது ஃபியூஸ் வந்துரும். அப்ப என்ன பண்ணுவே?”

வேலை போகும். ஃபியூஸ் வரும். வேறொருவன் ஸ்டார்டரை அமுக்குவான். பாவாயி பக்கத்தில் நின்று, தான் துலக்கிய மூடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

“மேலே வாங்க மாமா, நீங்கதான் தேச்சீங்கன்னே நானும் சொல்றேன்” என்று அவள் கரையிலிருந்து அழுதாள்.

தோள் இற்று விழுகிற மாதிரி வலித்தது. எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியது. ரோட்டுப் பக்கம் புல்லட்டின் தடதடப்பு மெல்லக் கேட்டது.

அப்போதுதான் கரையில் தலைகளை எண்ணினான். பாவாயியோடு பதினொன்று. லாரி டிரைவர்கள் ஆறு பேர். கேட்டுக்காவல் மாரிகூட வந்திருந்தான். பம்ப் ரூமில் ஒரு ஈ இல்லை. அவன் ஆற்றில் இருக்கிறவரை ஒருவரும் அங்கே திரும்பமாட்டார்கள்.

ஓர் அடி பின்னால் வைத்தான். தண்ணீர் மார்புக்கு ஏறியது. கூட்டம் ஐயோ என்று ஓர் அடி முன்னால் வந்தது. இன்னோர் அடி வைத்தான், மோவாயைத் தொட்டது. பாவாயி சேலையோடு ஆற்றில் இறங்கினாள். பின்னாலேயே மாரி, லாரிக்காரர்கள், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மேனேஜர்.

புல்லட் கேட்டுக்குள் நுழைகிற சத்தம் கேட்டது. குழந்தைவேல் மூச்சை இழுத்துக்கொண்டு இன்னோர் அடி பின்னால் வைத்தான். காவிரிக்கு மேலே துண்டு முடிச்சைப் பிடித்த கை மட்டும் நின்றது. அதை நோக்கி அத்தனை பேரும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தார்கள்.