எல்லையைக் காட்டியவர்

இடுப்பளவுத் தண்ணீர்தான். மண்டிபோட்டு நகர்ந்ததால் ராமாயிக்குக் கழுத்து வரை வந்தது. பனையோலைப் பறிக்கூடையைப் பல்லால் கவ்வியபடி இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவிக்கொண்டு போனாள். விரலில் இறால் துள்ளியதும் அமுக்கிப் பிடித்துப் பறிக்குள் போட்டாள். வாயைத் திறந்தால் காலையிலிருந்து பிடித்தது அத்தனையும் தண்ணீரோடு போய்விடும். அதனால் இந்த வேலையில் யாரும் பேசுவதில்லை. பத்தடி தள்ளி மருமகள் செம்மொழியும் அப்படித்தான் வாயில் பறியோடு நகர்ந்துகொண்டிருந்தாள். வலையோ படகோ வாங்க வழியில்லாத இருபது குடும்பம் இந்த வாய்க்காலைக் கையால் துழாவித்தான் கஞ்சி குடித்தது.

கரைமேட்டில் மஞ்சள் பூசிய எல்லைக்கல் நின்றது. அதைச் சுமந்து வந்தவளே ராமாயிதான்.

மூன்று மாதத்துக்கு முன், புறம்போக்காக இருந்த அலையாத்திக் காட்டைக் காப்புக்காடாக வகை மாற்றி அளக்க வந்தார்கள். சேற்றில் கல் சுமக்கக் கூலிக்குப் போனாள் ராமாயி. காடு தொடங்கும் அக்கரையில் நடச் சொன்னார் சர்வேயர்.

"அங்க நிக்காது சார். ரெண்டு தடவ கடல் ஏத்தத் தண்ணி வந்தா சேறு முழுங்கிடும்" என்று சொல்லி, தனக்குத் தெரிந்த பெருமையில் அவரை இக்கரை மேட்டுக்குக் கூட்டிவந்து குதிகாலால் மிதித்துக் காட்டினாள். "இங்க நடுங்க. அசையவே அசையாது."

வாய்க்காலில் குடும்பத்துக்கு ஒரு பாடு என்று துழாவும் இடம் பிரித்திருந்தார்கள். அடையாளக் கழி எங்கே நிற்குமோ அங்கே ஊன்றுவார்கள். எல்லை அந்தக் கழியில் இல்லை, தள்ளி இருக்கும் வளைவில் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருத்தர் இடத்தில் இன்னொருத்தர் கை வைக்க மாட்டார். கல்லும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். சர்வேயர் கல் நின்ற இடத்தைக் கருவியில் குறித்துக்கொண்டார். காகிதம் ஒன்றில் அவளிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார். வாய்க்கால் மொத்தமும் காட்டுக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு வனத்துறையினர் இரண்டு முறை அடித்து விரட்டினார்கள். வேறு வேலை தெரியாதவர்கள் வேறு எங்கே போவார்கள்? திரும்பவும் வந்தார்கள்.

மோட்டார் படகின் சத்தம் கேட்டது. ரேஞ்சரும் இரண்டு வனக்காவலர்களும், வாட்சர் திருமுருகனும் வந்தார்கள். திருமுருகன் இதே ஊர்க்காரன். அளந்த அன்று கருவியைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தவன்.

"ஏய், வெளிய வா" என்றார் ரேஞ்சர்.

ராமாயி எழுந்து நின்று, கொஞ்சம் பொறுக்கும்படி ஒரு கையால் சைகை காட்டினாள். பறியின் வாயைக் கட்ட வேண்டும்.

"யாரக் கேட்டு உள்ள எறங்குன?"

அவள் மறுபடியும் கையைக் காட்டினாள்.

"திமிரப் பாரு. வாயத் தொறக்குறாளா?"

"சார், அந்தக்கா வாயில பறி..." என்று ஆரம்பித்த திருமுருகன், ரேஞ்சர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

லத்தி அவள் தோளில் விழுந்தது. அடுத்த அடி பிடரியில். தடுமாறியவள் விழாமலிருக்க வலது கையால் படகின் விளிம்பைப் பிடித்தாள். ஒரு காவலர் பூட்ஸ் குதியால் அந்த விரல்களை மிதித்தார். காலை எடுக்காமல் இரண்டு முறை திருகினார். எலும்பு நொறுங்கிய சத்தம் செம்மொழி வரை கேட்டது. அப்போதும் ராமாயி பறியை விடவில்லை. இன்னொரு காவலர் குனிந்து அதை வெடுக்கென்று இழுத்தார். உதடு கிழிந்து பறி அவர் கையோடு போயிற்று. இறால்கள் தண்ணீரில் துள்ளி மறைந்தன.

செம்மொழி தன் பறியைத் துப்பிவிட்டுச் சேற்றை வாரி அவர் முகத்தில் அடித்தாள். அவர் தண்ணீரில் குதித்து அவள் கூந்தலைப் பிடித்து அமுக்கினார். தூக்கினார், மறுபடி அமுக்கினார்.

"முருகா, நீ சொல்லு" என்று இருமினாள் அவள். "கல்லு எதுக்கு இந்தப் பக்கம் வந்துச்சுன்னு ஒனக்குத் தெரியும்ல?"

திருமுருகன் படகுக்குள் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தா ஊத்துதே எறால் பண்ணைக் குழா, அது மட்டும் எங்க ஊத்துது? இந்தக் காட்டுலதான?"

தொடை தடிமன் குழாயிலிருந்து பண்ணையின் கறுப்புக் கழிவு வாய்க்காலில் கொட்டிக்கொண்டிருந்தது. ரேஞ்சர் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"அதுக்குப் பர்மிஷன் இருக்கு. ஒனக்கு இருக்கா?"

காவலர் அவளை இன்னொரு முறை அமுக்கினார்.

ரேஞ்சர் ஆபீசில் இரண்டு பேரையும் ஈரப் புடவையோடு தரையில் உட்கார வைத்தார்கள். ராமாயி நசுங்கிய கையை முந்தானையால் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

"வாய்க்கா ஊருக்குப் பொதுங்கய்யா" என்றாள். கிழிந்த உதட்டில் சொல் சரியாக வரவில்லை. "யாரு இத காட்டோட சேத்தது?"

ரேஞ்சர் ஒரு வரைபடத்தைத் திருமுருகன் பக்கம் தள்ளினார். "படி."

அவன் படித்தான். "எல்லையைக் காட்டியவர், ராமாயி, கணவர் பெயர் வைரக்கண்ணு." அதன் கீழே நீல மையில் ஒரு கைநாட்டு இருந்தது.

"நீ காட்டுன எல்லைய நீயே தாண்டிருக்க. குத்தத்த ஒத்துக்கிட்டு இதுல ஒரு கைநாட்டு வை." ரேஞ்சர் இன்னொரு காகிதத்தை நீட்டினார்.

அவள் இடது கையை நீட்டினாள்.

"அதுல வச்சது வலது கட்டவிரலு. இதுலயும் அதான் வேணும்."

காவலர் முந்தானையை அவிழ்த்தார். கட்டைவிரல் கறுத்து இரண்டு மடங்கு வீங்கியிருந்தது. அதை மைப்பெட்டியில் அழுத்தினார். காகிதத்தில் வைத்து, ரேகை சரியாக விழும்படி பக்கவாட்டில் உருட்டி அழுத்தினார். செம்மொழி கண்ணை மூடிக்கொண்டாள். பறி இன்னும் வாயில் இருப்பதுபோல ராமாயி பல்லை இறுகக் கடித்துக்கொண்டிருந்தாள்.

காகிதத்தில் உதட்டு ரத்தம் சொட்டிவிடக் கூடாதென்று காவலர் அவள் முகவாயைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினார்.