தள்ளிப் போங்கப்பா

அப்பா போய்ச் சேர்ந்து எட்டு நாளாயிற்று. மாலை போட்டு மாட்டும் படத்துக்குச் சட்டம் போடுகிறவர், மதியத்துக்குள் அப்பாவின் படம் வேண்டும் என்றிருந்தார். அவள் தன் ஸ்டுடியோவில் கணினி முன் உட்கார்ந்து, இரண்டு வருடப் படங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் அண்ணன்.

"ஊரையே படம் புடிக்கிறே. பெத்த அப்பனுக்கு ஒண்ணு இல்லையாடி?"

அடையாள அட்டையில் ஒன்று இருந்தது, முப்பது வருடத்துக்கு முந்தைய மீசைக்காரர். அவரோடு இருவருக்குமே அவ்வளவு பழக்கமில்லை.

அப்பா இந்தக் கேமராவுக்கு முன் உட்காராத நாளில்லை. வாடிக்கையாளர் வருமுன் அவரை நாற்காலியில் வைத்துத்தான் ஃபோகஸ் பார்ப்பாள். லென்ஸை முழுக்கத் திறந்து, அவர் கண்ணைக் கூர்மையாக்கி, பின்சுவர் மங்கிக் கரைகிறதா என்று பார்ப்பாள்.

"சுவர் போயிடுச்சாம்மா?" அசையாமல் கேட்பார்.

"போயிடுச்சு, எந்திரிங்க."

வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்ததும், படத்தின் பின்னணியில் ஒளி வட்டங்கள் விழ, குட்டி பல்புச் சரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய் நிற்பார். "இன்னும் தள்ளிப் போங்கப்பா. தள்ளி நின்னாத்தான் நல்லா மங்கும்."

சோதனைப் படங்களை அன்றன்றைக்கே அழித்துவிடுவாள்.

மிஞ்சியதில் இதுதான் தேவலை. முன்னால் பட்டமளிப்பு அங்கியில் ஒரு பெண், இமைமயிர்கூட எண்ணலாம். அவள் தோளுக்குப் பின்னால், கை நிறைய ஒளி வட்டங்களோடு, கரைந்துபோன அப்பா.

"ஃபோன்ல மங்கலை எடுத்துடலாமே?"

"ஃபோன் படம் எடுத்தப்புறம் மங்கலைப் பூசுது. இது லென்ஸுலயே மங்கினது. தெளிவா இருந்ததே இல்லண்ணா."

இருந்தும் புதிதாக வந்த ஒரு மென்பொருளில் போட்டுப் பார்த்தாள். கண், மூக்கு, சிரிப்பு எல்லாம் வைத்து அது ஒரு முகம் செய்து கொடுத்தது.

"யாருடி இந்த ஆளு? பேங்க் மேனேஜர் மாதிரி இருக்காரு." சொல்லிவிட்டு அண்ணனே சிரித்தான். பாதியில் குரல் உடைந்தது. அவள் அந்த முகத்தை மூடிவிட்டு மங்கலான படத்துக்கே திரும்பினாள்.

"மங்கலாவே போட்டுரு," என்றான் கடைசியில். "ஒரு தோளை இறக்கி நிக்கிறாரு பாரு. வேற யாரு அப்படி நிப்பா?"

முன்னால் இருந்த பெண்ணை அவள் வெட்டி நீக்கினாள். அச்சாகி வந்ததைச் சுவரில் சாய்த்தாள். கிட்டத்தில் வெறும் சாம்பல் நிறத் தீற்றல். ஓரடி பின்னால் நகர்ந்தாள். இன்னும் ஓரடி. முதுகு கதவில் இடித்தபோது, கொஞ்சம் அப்பாவைப் போலத் தெரிந்தது.

அவள் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கி நின்று பார்த்தாள்.