இரண்டாம் பாகத்தில் ஏணி இல்லை

எந்தச் சிரிப்புத் தொடரானாலும் ஐந்து நிமிஷம் பார்த்தால் போதும், தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவான். அதனால்தான் சிமெண்ட் குடோனில் அவனுக்குத் தீர்ப்பு என்று பெயர் விழுந்தது. சிமெண்டில் முழங்கை வரை வெந்து தோலுரிந்த கையில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, பாயில் கால் நீட்டி உட்கார்ந்து அவன் பேச ஆரம்பித்தால், கூடவே தங்கியிருக்கிற மற்ற நான்கு பேரும் டிவியை விட்டுவிட்டு அவன் வாயைப் பார்ப்பார்கள்.

"ரெண்டாம் பாகம்னு எடுக்கிறவன் எல்லாம் சோம்பேறி. ஆறிப்போன டீயைத் திரும்பச் சுட வெச்சுக் குடுக்கிறான்" என்பான்.

லாட்ஜ் முதலாளியும் அவனுடைய வேலைக்காரன் பூசணியும் வருகிற தொடர் மட்டும் அவனுக்கு வேறு. அதன் முதல் பாகத்தை ஒரு வாரம்கூட விடாமல் பார்த்திருந்தான். முதலாளி பூசணியை அறைவான். பூசணி மூன்று சுற்று சுற்றித் தள்ளாடி விழுவான். கடைசியில் சுவரில் சாத்தியிருக்கும் ஏணி சரிந்து முதலாளியின் தலையில் விழும். எல்லா வாரமும் இதேதான். எல்லா வாரமும் அவன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பைக் குடோனுக்குள் கொண்டுவந்ததும் அவன்தான். அங்கேயே மூட்டை சுமந்த அவன் பெண்டாட்டியின் தம்பி கன்னம் உப்பிய ஆள், பார்க்க அசல் பூசணி. டீ நேரத்தில் மச்சினனுக்குத் தள்ளாடக் கற்றுக்கொடுத்தான். மேஸ்திரியைக் கூப்பிட்டு, "நீங்க முதலாளி மாதிரியே இருக்கீங்க, ஒரு அறை விடுங்க" என்றான். மேஸ்திரி காற்றில் அறைந்தான். மச்சினன் சுற்றி விழுந்தான். தீர்ப்பு அட்டியின் மேலேறி, மூட்டைகளை அடுக்கிய அந்த உச்சியிலிருந்து ஒரு காலிச் சாக்கை மேஸ்திரியின் தலையில் போட்டான். அதுதான் ஏணி. தலைமுதல் கால்வரை சிமெண்ட் தூள் படிந்து வெள்ளையாக நின்ற மேஸ்திரியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

பிறகு இரண்டாம் பாகம் வந்தது. முதல் வாரமே தீர்ப்பின் முகம் சுருங்கிவிட்டது.

"ஏணி எங்கடா?"

"அடுத்த வாரம் வரும் மாமா" என்றான் மச்சினன்.

வரவில்லை. முதலாளி செருப்பால் அடித்தான், வாளியால் அடித்தான், பூசணியின் தலையைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினான். ஒவ்வொரு அடிக்கும் டிவிக்குள்ளிருந்து யாரோ கூட்டமாகச் சிரித்தார்கள்.

"இது காமெடி இல்ல" என்று ரிமோட்டைப் பாயில் எறிந்தான் தீர்ப்பு. "அடிக்கிறவன் மேல ஏணி விழுகும்னு தெரிஞ்சதாலதான் அத்தனை நாள் சிரிச்சோம். ஏணியை எடுத்துட்டா மிச்சம் என்ன, அடி மட்டும்தானே? அடியைப் பாக்கிறதுக்கு நான் எதுக்கு டிவி பாக்கணும்?"

"நீ ஒருத்தன்தான் குத்தம் சொல்ற. ஊரே பாக்குது" என்றான் லாரியில் மூட்டை அடுக்குகிற நெட்டையன்.

மேஸ்திரியும் பார்த்தான். அடுத்த நாள் அவன் அறை காற்றில் நிற்கவில்லை, மச்சினனின் கன்னத்தில் சப்பென்று விழுந்தது. ஆட்கள் சிரித்தார்கள். தீர்ப்பு அட்டிமேலிருந்து காலிச் சாக்கைக் கையிலெடுத்தான்.

"கீழ வைடா. இப்ப ஏணி கிடையாது" என்றான் மேஸ்திரி. "ரெண்டாம் பாகம் பாக்கலையா நீ?"

அதற்கும் சிரித்தார்கள். தீர்ப்பு சாக்கைக் கீழே வைத்தான்.

அடுத்த வாரம் செருப்பு. அதற்கடுத்த வாரம் வாளியின் அடிப்பாகம். டிவியில் என்ன வந்ததோ அது மறுநாள் குடோனுக்கு வந்தது. ஆட்கள் சிரிப்பதை நிறுத்தாதவரை மச்சினனும் சுற்றி விழுவதை நிறுத்தவில்லை. ஒருநாள் காலையில் அவன் தலையணை உறையில் ரத்தம் காய்ந்திருந்தது.

"காதைக் காட்டு."

"ஒண்ணுமில்ல மாமா. கொசுவா இருக்கும்."

"கொசு இவ்வளவு ரத்தத்தையா கக்கிட்டுப் போகும்? இடது பக்கம் கேக்குதா?"

"கேக்குதே" என்றான். ஆனால் வலது காதைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னான்.

தம்பியை அனுப்பும்போது தீர்ப்பின் பெண்டாட்டி ஒரே வார்த்தைதான் சொல்லியிருந்தாள். "முழுசாக் கூட்டிட்டு வா." அன்று டீ நேரத்தில் மேஸ்திரியின் அறைக்குப் போய் வாசலில் நின்றான்.

"மேஸ்திரி, அந்த ரெண்டாம் பாகம் சரியில்ல."

"ஏன்? நல்லாத்தானே இருக்கு."

"ரொம்ப அடிக்கிறாங்க. காது கிழியிற மாதிரி."

மேஸ்திரி டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தான். எதைப் பற்றிய பேச்சு என்பது இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. "பூசணிக்கு வலிச்சா பூசணி சொல்லட்டும். நீ பாக்கிறவன். பாத்துட்டுச் சிரி, இல்லாட்டி எந்திரிச்சுப் போ. போய் மூட்டையை இறக்கு."

போய் மூட்டையை இறக்கினான்.

அட்டி உச்சியிலிருந்து மூட்டை இறக்குவதற்கு ஒரு முறை உண்டு. கீழே சுமக்கிறவன் முதுகைக் காட்டிக் குனிந்து நிற்பான், மேலே இருப்பவனைப் பார்க்கமாட்டான். மேலே இருப்பவன் "எறங்குது" என்று குரல் கொடுத்துவிட்டு விடுவான். அந்தக் குரல் கேட்டதும் கீழே இருப்பவன் மூச்சை அடக்கி, முட்டியை முறுக்கி, ஐம்பது கிலோவைப் பிடரியில் வாங்கிக்கொள்வான். குரல் இல்லாமல் மூட்டை இறங்கக்கூடாது. குடோனில் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

அன்று தீர்ப்பு மச்சினனின் வலது காதுப் பக்கமாக நின்று நின்றுதான் குரல் கொடுத்தான். நாற்பது மூட்டைவரை பழுதில்லை. பிறகு அட்டியின் வலது பக்கம் தீர்ந்துபோய், இடது பக்கம் நகரவேண்டியதாயிற்று. வெளியே லாரி வேறு உறுமிக்கொண்டிருந்தது.

"எறங்குது" என்று கத்தினான். விட்டான்.

மச்சினன் அப்போதுதான் நெற்றி வேர்வையைத் துடைக்க லேசாக நிமிர்ந்திருந்தான். மூட்டை கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் விழுந்தது. காய்ந்த விறகு முறிகிற சத்தம் மேலேவரை கேட்டது. அவன் ஒரு சுற்று சுற்றி, தள்ளாடி, முகம் தரையில் மோதக் குப்புற விழுந்தான்.

ஆட்கள் சிரித்தார்கள். நெட்டையன் கையைக்கூடத் தட்டினான்.

மேஸ்திரி வந்தான். "மூட்டையை உடைச்சுட்டு நடிக்கிறியா நீ?" என்று மச்சினனைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். முறிந்த எலும்பு சட்டைக்குள் முட்டிக்கொண்டு நின்றது. மூக்கிலிருந்து வழிந்த ரத்தத்தில் சிமெண்ட் கலந்து சேறாகியிருந்தது. மேஸ்திரி முதலாளி நடையில் பின்னால் இரண்டடி வைத்து, ஓங்கி அறைந்தான். மச்சினன் சுற்றவில்லை. அப்படியே சரிந்தான். மேஸ்திரி அவன் விலாவில் உதைத்தான். "சுத்துடா. எல்லாரும் பாக்கிறாங்க இல்ல?"

இரண்டாவது உதையில் சிரிப்பு குறைந்தது. மூன்றாவதுக்கு ஒருவனும் சிரிக்கவில்லை. ஆனால் ஒருவனும் நகரவுமில்லை.

தீர்ப்பு மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கிறவன். காலடியில் காலிச் சாக்கு ஒன்று கிடந்தது. அதைக் காலால் ஒதுக்கினான். அதற்குப் பக்கத்திலிருந்த நிறைமூட்டையின் இரண்டு காதையும் பிடித்து விளிம்புவரை இழுத்தான். மேஸ்திரி நான்காவது உதைக்குக் காலைப் பின்னால் வாங்கியபோது அவனுடைய முதுகு நேர் கீழே இருந்தது.

குரல் கொடுக்கவில்லை. விட்டான்.

மேஸ்திரி மடங்கிய விதம் எந்தத் தொடரிலும் வராதது. மூட்டை வெடித்துத் தூள் எழும்பியது. அது அடங்கியபோது மேஸ்திரியின் ஒரு கால் முட்டியிலிருந்து தப்பான பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. கண், வாய் எல்லாம் வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து மாடு மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. நெட்டையன் வாயைப் பொத்திக்கொண்டு போலீசுக்குப் போன் போட வெளியே ஓடினான்.

தீர்ப்பு அட்டியிலிருந்து இறங்கினான். மேஸ்திரியைத் தாண்டிப் போய் மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் தலையைத் தூக்கப் பயமாக இருந்தது. வாயோரம் ஒட்டியிருந்த சேற்றைக் கட்டைவிரலால் வழித்தான்.

"மாமா, என்னமோ விழுந்துச்சே. என்ன அது?"

"ஏணி."

மச்சினன் கண்ணை மூடிக்கொண்டான். "சிரிச்சாங்களா?"

தீர்ப்பு எழுந்து, அவனைச் சுற்றிக்கொண்டு, வலது காதுப் பக்கமாகப் போய் மறுபடி உட்கார்ந்தான்.

"இல்லடா. ஒருத்தனும் சிரிக்கல."