இரண்டு பவர் பெட்டிகளுக்கும் ஆயுத பூஜை

1985-ஆம் ஆண்டு ஆயுத பூஜையன்று எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர் நின்றதா, நிற்கவில்லையா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

புதிதாக வந்த அந்த இயந்திரத்துக்கு ஒரு மாதப் பரீட்சை வைத்திருந்தார்கள். அது நிற்காமல் ஓடினால், விற்ற கம்பெனியின் இன்ஜினியர் குஞ்சிதபாதம் கையெழுத்துப் போடுவார். பிறகு அதை இயக்கும் தமயந்தி காண்ட்ராக்டிலிருந்து பர்மனென்ட் ஆவாள். நின்றுவிட்டால் இயந்திரம் திரும்பிப் போகும். அவள் வேலையும் போகும்.

மாதம் முடிவதற்கு முதல் நாள் பூஜை வந்தது. எலக்ட்ரீஷியன் தெய்வசிகாமணி, ஒர்க்‌ஷாப் இயந்திரங்களையெல்லாம் நிறுத்திப் பொட்டு வைத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு எங்கள் அறைக்கு வந்தார்.

“சித்த நேரம் நிறுத்தும்மா. ஓடிகினு இருக்கிற மிஷினுக்குப் பொட்டு வைக்கக்கூடாது.”

“நிறுத்தினா நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பவர் ஹவுஸையே நிறுத்திட்டா பொட்டு வைக்கிறீங்கண்ணே?”

“அங்க ஒரு யூனிட்டு ஓடும், இன்னொன்னு படுத்துகினு இருக்கும். படுத்ததுக்குத்தான் வைப்போம்.”

தமயந்தி முகம் தெளிந்தது. அந்த இயந்திரத்துக்குள் இரண்டு பவர் பெட்டிகள் உண்டு. ஒன்று செத்தாலும் மற்றது முழுப் பாரத்தையும் தாங்கும்.

“அப்ப இதுக்கும் ஷிப்ட் போட்டுடலாம். ஒண்ணு ஓடட்டும், ஒண்ணு படுக்கட்டும்.”

செக்‌ஷன் பொறுப்பில் இருந்த நானும் சரி என்றேன்.

தெய்வசிகாமணி முதல் பெட்டியை அணைத்தார். பச்சை விளக்கு சிவப்பானது. இயந்திரம் பாட்டுக்கு ஓடியது. பெட்டிக்குச் சந்தனம் பூசினார். விளக்குக்கும் சேர்த்து, தாராளமாக. அப்போது பொரித் தட்டு வந்தது. ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டு இரண்டாவது பெட்டியை அணைத்தார்.

மின்விசிறிச் சத்தம் அடங்கியது. திரை இருண்டது.

“மொத பெட்டிய திரும்பப் போட்டீங்களாண்ணே?” என்று கேட்டாள் தமயந்தி.

“போட்டேன்னுதான் நெனைக்கிறேன்.”

சந்தனத்தை வழித்துப் பார்த்தால், பச்சை இல்லை. அவசரமாக இரண்டையும் போட்டோம். அதன்பின் ஒருவரும் வேறு எந்தப் பொத்தானையும் தொடவில்லை. இயந்திரம் விட்ட இடத்திலிருந்து தானே கணக்கைத் தொடர்ந்தது.

“நிக்கலம்மா, தூங்கி எழுந்துச்சு” என்றார் தெய்வசிகாமணி.

“திரை இருண்டுச்சே?”

“நீ தூங்கறப்போ கண்ண மூட மாட்டியா?”

மறுநாள் குஞ்சிதபாதம் வந்தபோது, சொல்லாமல் விட்டுவிடலாமா என்று தமயந்தியிடம் கேட்டேன். அவள் நேரே அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் பெட்டியில் காய்ந்திருந்த சந்தனத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“கடைசிச் சோதனைன்னு இன்னைக்கு நானே ரெண்டையும் அணைக்கணும். உள்ளே ஒரு பேட்டரி ஞாபகத்தைக் காப்பாத்துதான்னு பார்க்க. நீங்க முந்திக்கிட்டீங்க.”

மறுபடி அணைத்தார். திரை இருண்டது. தமயந்தி கண்ணை மூடிக்கொண்டாள். போட்டார், கணக்குத் தொடர்ந்தது. கையெழுத்துப் போட்டார்.

“அப்ப நேத்து நின்னது சார்?” என்றேன்.

“நின்னது கரண்ட். மிஷின் நின்னதா சேர்த்தியில்லை.”

வாசலில் நின்ற தெய்வசிகாமணிக்கு அது சரிப்படவில்லை.

“நிக்கலைன்னா அது லீவு எடுக்கலைங்க. ஓடிகினு இருந்ததுக்கா நான் பொட்டு வெச்சேன்? பூஜை சேருமா, சேராதாங்க?”

குஞ்சிதபாதம் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். என்னைப் பார்த்தார். நான் தமயந்தியைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேற்று மிச்சமிருந்த பொரியைத் தெய்வசிகாமணி பக்கம் நகர்த்தி, “சேரும்ணே, சாப்பிடுங்க” என்றாள்.