கடைசி இடத்துக்குப் போட்டி

எங்கள் துறைத்தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஒண்ணாம் நம்பர். அறிவில் என்று நினைத்துவிடாதீர்கள். துறையிலிருந்து எந்த ஆய்வுக் கட்டுரை வெளியே போனாலும் முதல் பெயர் அவருடையது, அவ்வளவுதான். இரண்டாவது அவர் மனைவி. அந்த அம்மாள் வணிகவியல் பேராசிரியை. குப்பைத் தண்ணீருக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற தைரியம் எங்களில் ஒருவருக்கும் இல்லை. மூன்றாவது கல்லூரிச் செயலாளரின் மருமகன். வேலை நடந்த இடத்துக்கு ஒரே ஒரு தடவை வந்தான், மூக்கைப் பொத்திக்கொண்டு செல்ஃபி எடுத்தான், போய்விட்டான். வேலையைச் செய்த கழுதைக்குக் கடைசி இடம். அந்தக் கழுதை நான்.

என் ஆராய்ச்சி ஊர்க் குப்பைமேட்டில். மழை பெய்தால் குப்பை ஊறி, அடியில் கறுப்பாக ஒரு தண்ணீர் வடியும். அது மண்ணுக்குள் இறங்கி, பக்கத்துத் தெருக் கிணறுகளுக்கு எவ்வளவு வேகமாகப் போய்ச் சேருகிறது என்று அளந்தேன். வாராவாரம் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, துளைக்குழாயில் பாட்டிலைக் கயிறு கட்டி இறக்கி, நிரம்பியதும் இழுப்பேன். குப்பை லாரி ஓட்டுகிற அண்ணன்தான் நாய்களை விரட்டிக்கொண்டு கூடவே நிற்பார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வரும். வீட்டுக்குப் போனால் அம்மா பின்வாசலிலேயே வாளித் தண்ணீரோடு நிற்பாள்.

"நாறிட்டு வர்றது நீ, பேரு வாங்கறது சென்ட் போட்டவனா? நல்லா இருக்குடி உங்க படிப்பு!" என்பாள்.

அந்த அளவுகளை வைத்து வெளிவந்த ஒரே கட்டுரையை நம்பித்தான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பித்தேன். இந்தத் துறையில் கைதேர்ந்த ஒரு பேராசிரியர் அங்கே இருந்தார். அவரிடம் இருந்தது ஒரே ஓர் இடம். கிடைத்தால் என் வேலையை என் பெயரிலேயே செய்யலாம். கிடைக்காவிட்டால் ஒண்ணாம் நம்பருக்காக அடுத்த பாட்டிலை இறக்க வேண்டியதுதான். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேர்காணல் வீடியோவில் என்று தகவல் வந்ததும் ஒண்ணாம் நம்பர் கூப்பிட்டார்.

"என் ரூம்லதான் நடக்கணும். நான் பக்கத்துல இல்லன்னா அந்த ஆளு உன்னை எப்படிம்மா நம்புவான்?"

அவருடைய பரிந்துரை இல்லாமல் விண்ணப்பம் நகராது. சரி சார் என்றேன். அன்று காலையிலேயே அவர் மீசைக்கு மை போட்டுக்கொண்டு வந்து, சுழல் நாற்காலியைக் கேமராவுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். திரையில் என் ஒரு காதும் பாதிக் கன்னமும் தெரிந்தன.

வெளிநாட்டுக்காரர் சுற்றி வளைக்கவில்லை. எங்கள் நாட்டில் இந்த ஆராய்ச்சிக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு என்றார். கட்டுரையில் முதல் பெயர், கையால் வேலை செய்த மாணவருடையது. கடைசிப் பெயர், எல்லாரையும் வைத்து ஆய்வகம் நடத்துகிற பெரியவருடையது. நீங்கள் இப்போதுதான் முதுகலை முடித்ததாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பெயரோ கடைசியில் இருக்கிறது. ஆய்வகம் உங்களுடையது இல்லை, வேலையும் இன்னொருவர் செய்தது என்றால், இதில் நீங்கள் யார்?

எங்கள் ஊர்க் கழுதை இடம் அங்கே சிம்மாசனமாம், நான் அதில் திருட்டுத்தனமாக ஏறி உட்கார்ந்தவளாம்!

ஒண்ணாம் நம்பர் இதில் ஒரு வார்த்தையையும் காதில் வாங்கவில்லை. திரையில் தன் தலைமுடியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டுக்காரர் அவரைப் பார்த்து, அப்படியானால் முதல் பெயர்க்காரர் நீங்கள்தானா, வேலையெல்லாம் செய்தது நீங்களா என்று கேட்டார்.

"யெஸ், யெஸ். எல்லாம் நான்தான்." வாயெல்லாம் பல்.

அருமையான வேலை என்றார் வெளிநாட்டுக்காரர். மாணவராகச் சேர நீங்களே விண்ணப்பித்திருக்கலாமே, ஏன் விண்ணப்பிக்கவில்லை?

ஒண்ணாம் நம்பர் சுழல் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். ஓய்வு பெறப்போகிற மனிதர்! கதவோரம் நின்றிருந்த அவர் மனைவி தொண்டையைச் செருமினார். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் என் இடம் போய்விடும், திறந்தால் பரிந்துரை போய்விடும். இரண்டில் எது போனாலும் பாட்டிலும் கயிறும்தான் என் கதி. ஸ்டூலோடு நகர்ந்து கேமராவுக்கு நேராக வந்தேன்.

"வேலை முழுக்க நான் செஞ்சது. சார் அந்தக் குப்பைமேட்டை எட்டிக்கூடப் பார்த்ததில்ல. இங்க வேலை செஞ்சவங்க பேரு கடைசியிலதான் வரும்."

வெளிநாட்டுக்காரர் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு, இதையே முதல் பெயர்க்காரர் எழுத்தில் உறுதி செய்தால் மேலே யோசிக்கிறேன், இல்லையென்றால் மன்னிக்க வேண்டும் என்று திரையை அணைத்தார்.

"என் ரூம்ல, என் நாற்காலிக்கு முன்னாடி, என்னையே!" ஒண்ணாம் நம்பர் மேஜையில் குத்தினார். "எழுதியா தரணும்? இந்த ஜென்மத்துல நடக்காது. வெளியே போ!"

அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. கதவுவரை போனவள் நின்றேன். இந்த மனிதரை நியாயம் பேசி அசைக்க முடியாது, வேறு எதற்கு அசைவார் என்று எனக்குத் தெரியாதா?

"போறேன் சார். ஆனா ஒண்ணு. அந்த ஊர்ல உங்களை ஸ்டூடன்ட்னு நினைச்சுட்டாங்களே, அதுதான் எனக்குத் தாங்கல. பெரிய ஆளு பேரு கடைசியில வரணுமாம். நம்ம பேப்பரைப் படிக்கிற வெளிநாட்டுக்காரன் ஒவ்வொருத்தனும் உங்களைச் சின்னப் பையன்னுதானே நினைச்சிருப்பான்?"

குத்தின கை அப்படியே நின்றது. யாருக்கோ போன் போட்டு விசாரித்தார். கேட்கக் கேட்க முகம் வெளுத்தது.

"ஐயையோ! இத்தனை வருஷமாவா?"

"அப்போ ரெண்டாவது பேரு?" என்று பதறினார் அம்மாள்.

"நீங்களும் கூடமாட வேலை பாத்தவங்கன்னு ஆகுதும்மா" என்றேன்.

"சீ! எனக்குக் கடைசிக்கு முந்தின இடம்தான் வேணும்."

"அதை செயலாளர் மருமகனுக்குக் குடுக்கணும்டி" என்றார் அவர்.

புருஷனும் பெண்டாட்டியும் கடைசி இடத்துக்கு அடித்துக்கொண்டதை அன்று கண்குளிரப் பார்த்தேன். சண்டை ஓய்ந்ததும் ஒண்ணாம் நம்பர் என் பக்கம் திரும்பினார்.

"வரிசை தப்பாப் போச்சு, உண்மையில நான்தான் கடைசின்னு எழுதி எடுத்துட்டு வா. கையெழுத்துப் போடறேன்."

எங்கள் துறையில் எல்லாக் கடிதமும் இப்படித்தான். வேண்டியவர்களே எழுத வேண்டும், அவர் போடுவது கையெழுத்து மட்டும். எழுதினேன். வேலை முழுவதும் இவள் ஒருத்தி செய்தது, மற்ற மூவரும் எதுவும் செய்யவில்லை, எனவே முதல் பெயர் இவளுடையதாகவும் என் பெயர் கடைசியாகவும் இருந்திருக்க வேண்டும் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினேன். அவர் 'கடைசி' என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் தேடிப் பார்த்துவிட்டு, வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டார்.

இடம் கிடைத்தது. இங்கேயும் குப்பைமேடுதான், இங்கேயும் நாற்றம்தான். ஆனால் வெளிநாட்டுக்காரர் தானும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கூட வருகிறார், கயிற்றை மறுமுனையில் பிடிக்கிறார். போன மாதம் எங்கள் கட்டுரை வெளிவந்தது. முதலில் என் பெயர், கடைசியில் அவர் பெயர். எல்லாம் முடிந்தபின் அடியில் பொடி எழுத்தில் நன்றிப் பகுதி. நாய் விரட்டிய லாரி அண்ணனுக்கு முதல் நன்றி. அவருக்கு அடுத்து, எதையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டு உதவிய எங்கள் துறைத்தலைவருக்கு.

வெளிவந்த அன்றே போன் வந்தது.

"என்னம்மா, நம்ம பேரு இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"எங்க?"

"எல்லாருக்கும் கடைசியில சார். ப்ரொஃபசர் பேருக்கும் பின்னாடி."

"அவனுக்கும் பின்னாடியா! அப்படிப் போடு! நாளைக்கே ஃப்ரேம் போட்டு வாசல்ல மாட்டறேன்."

"மாட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாருங்க சார்."

"அட போம்மா, நான் எதைப் படிச்சிருக்கேன், இதைப் படிக்க!"