ஃப்ரோக்னரில் ஒரு ரோஜா நிற ஜன்னல்

ஒஸ்லோவில் காசில்லாதவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் திருநாள். கடைகள் மூடியிருப்பதால் செலவழிக்க நினைத்தாலும் முடியாது. அதைவிட முக்கியம், விற்பனைக்கு வந்த வீடுகளை அன்றுதான் திறந்து காட்டுவார்கள். யார் வேண்டுமானாலும் நுழையலாம். காலில் நீல பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டால் நீங்களும் கோடீஸ்வரர்தான்.

அருங்காட்சியகத்தில் செத்துப்போன மன்னர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்டுவதற்கு எங்கள் ஒரு வாரச் சாப்பாட்டுக் காசைக் கேட்கிறார்கள். உயிரோடிருக்கும் பல் மருத்துவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை வீட்டுத் தரகர்கள் இலவசமாகவே காட்டுகிறார்கள், கூடவே சாக்லேட்டும் தருகிறார்கள். நானும் என் வகுப்புத் தோழி இல்வாவும் இரண்டு குளிர்காலமாக இப்படித்தான் தலைநகரைச் சுற்றிப்பார்த்தோம். கோட்டையும் துறைமுகமும் எங்களுக்கு அவ்வளவு பழக்கமில்லை. குளியலறைகளைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறோம்.

ஒரே ஒரு இடம் பாக்கி. ஃப்ரோக்னர் என்ற பணக்காரப் பகுதியில், டிராம் வளையும் முனையில், பழைய கட்டடம் ஒன்றின் மேல்மாடியில், உருண்டையாக ஒரு கோபுர அறை. இருட்டு விலகாத காலை நேரங்களில் அதன் ஜன்னல் மட்டும் ரோஜா நிறத்தில் ஒளிரும். டிராமில் போகிற எல்லோரும் அதைப் பார்ப்பார்கள், பார்க்காததுபோல் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் அப்படிப்பட்ட மக்கள்.

இல்வாவுக்கு வடக்கே அவளுடைய ஊரில் பள்ளிக்கூட வேலை கிடைத்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும்.

"அந்த ரூம்ல என்ன இருக்குன்னு தெரியாம நான் ரயில் ஏறமாட்டேன்டா எஸ்கில்" என்றாள்.

"நீ ஏறலேன்னா உன் சாமானெல்லாம் என் ரூம்லதான் கிடக்கும். எனக்கும் தெரிஞ்சே ஆகணும்."

அந்த வாரமே அந்த வீடு விற்பனைக்கு வந்தது. விளம்பரத்தில் எல்லா அறைக்கும் படம் இருந்தது, கோபுர அறையைத் தவிர.

ஞாயிறு மதியம், பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைப் படிக்கட்டிலேயே முடித்துவிட்டு உள்ளே போனோம். எங்களுக்கு முன்பே ஏழெட்டுப் பேர் நீலக் கால்களோடு சரசரத்துக்கொண்டிருந்தார்கள். தரகர் இளைஞர், கோட்டு அவரைவிட ஒரு வயதுதான் இளையது.

"வாங்க, வாங்க. உங்களுக்கு இதுதான் முதல் வீடா?"

"நிச்சயம் ஆயிருக்கு" என்றாள் இல்வா. "இவங்கப்பா இதுக்காகப் படகை வித்துட்டாரு."

என் அப்பா பேருந்து ஓட்டுகிறார். நான் படகை இழந்தவன் முகத்தோடு தலையசைத்தேன்.

வரவேற்பறையின் கோடியில் கோபுர அறையின் கதவு. பூட்டியிருந்தது. கதவுக்கடியில் ஒரு கோடு ரோஜா வெளிச்சம் மட்டும் கசிந்தது.

"அது சாமான் ரூம். இன்னிக்குத் திறக்கல" என்றார் தரகர், எங்களுக்கும் கதவுக்கும் நடுவே வந்து நின்று. "சமையலறையைப் பாருங்க, ரொம்ப வெளிச்சம்."

சமையலறையில் நின்று இல்வா பல்லைக் கடித்தாள். "மூணு அடி தூரத்துல இருக்குடா! கஞ்சாதான். அந்தக் கலர் லைட் அதுக்குத்தான் போடுவாங்க. தோட்டமே போட்டிருக்கான் அந்த ஆளு."

"கஞ்சாவா!"

சொன்னது நானல்ல. அடுப்போரம் நின்றிருந்த ஒரு பெரியவர். கம்பளித் தொப்பி, கையில் விளம்பரப் புத்தகம், காலில் எங்களைப் போலவே நீல உறை. முகம் சிவந்துவிட்டது.

"யாரும்மா சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. டிராம்ல போற எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க."

"எல்லாருமா?"

"நான் இவ பக்கம் இல்ல சார்" என்றேன். "நான் டென்டிஸ்ட் டான்ஸ் ஆடுற ரூம்னு நினைச்சேன்."

அவர் விளம்பரப் புத்தகத்தை அடுப்பின்மேல் வைத்தார். அலமாரியில் வரிசையாக இருந்த டப்பாக்களில் நான்காவதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எடுத்து, தேயிலைக்குள் விரலை விட்டு, ஒரு சாவியை வெளியே இழுத்தார். வீடு பார்க்க வந்தவர் செய்கிற வேலையல்ல அது. எங்கள் ஊர் வழக்கப்படி, வீட்டைக் காட்டும் நேரத்தில் சொந்தக்காரர் அங்கே தலைகாட்டக் கூடாது. இவரோ மாறுவேடத்தில் வந்து, தன் வீட்டைப் பற்றி ஊர் பேசுவதை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"என் பேரு தோர்ஃபின்" என்று எங்களிடம் கைநீட்டிவிட்டு, தரகர் யாருக்கோ பால்கனியைக் காட்டப் போன சமயத்தில் கதவைத் திறந்தார்.

உள்ளே ஜூலை மாதக் கோடை. ரோஜா நிற விளக்குகளுக்குக் கீழே, இஸ்திரி மேசையிலும், குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டியிலும், பழைய பனிச்சறுக்குப் பெட்டியிலும் தக்காளிச் செடிகள். வெளியே தெருவில் பனி.

"தக்காளியா?" என்றாள் இல்வா. அவள் குரலில் ஏமாற்றமில்லை. ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்து, இலையைத் தேய்த்து முகர்ந்தாள்.

தோர்ஃபின் சிவந்த பழமாக ஒன்றைப் பறித்து அவளிடம் நீட்டினார். "தின்னு பாரு. ஆனா நிஜத்தைச் சொல்லணும். என் பசங்க பிரமாதம்கிறாங்க. கீழ் வீட்டுக்காரங்களும் பிரமாதம்கிறாங்க. கிறிஸ்துமஸுக்குக் குடுத்தா எல்லாரும் பிரமாதம். எனக்கு நம்பிக்கை இல்ல."

இல்வா மென்றாள். வெகுநேரம் மென்றாள்.

"தண்ணி மாதிரி இருக்கு."

"தண்ணியா?"

"தண்ணின்னா, கொஞ்சம் பழைய தண்ணி."

தோர்ஃபின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தொடையில் அறைந்து சிரித்தார். "பதினோரு வருஷமா இதைத்தான் சொல்றேன்! ஒருத்தரும் ஒத்துக்கல!"

சிரிப்புச் சத்தத்துக்குத் தரகர் ஓடிவந்தார். "சார், நீங்க இங்க இருக்கவே கூடாது! லைட்டைப் பார்த்தா வாங்க வந்தவங்க என்ன நினைப்பாங்க?" என்று சொந்தக்காரரை முழங்கையில் பிடித்து, அவருடைய வீட்டிலிருந்தே வெளியேற்றினார்.

தரகர் திரும்பி வருவதற்குள் கதவருகே கூட்டம் சேர்ந்துவிட்டது. நீலக் கால்கள் எல்லாம் ஒருவர்பின் ஒருவராக வரிசையில். பேச்சைக் கேட்டால் எதிர்வீட்டு அம்மாவாம், மூன்றாம் மாடித் தம்பதியாம், டிராம் நிறுத்தத்தில் தினம் நிற்கும் ஒருவர்.

"தக்காளியாமே!"

"நான்தான் அப்பவே சொன்னேனே."

"நீங்க எங்க சொன்னீங்க? விபசார விடுதின்னீங்க."

தரகர் பேனாவோடு வரிசையின் கடைசிவரை நடந்தார். "விலை கேக்கிறவங்க யாராவது பேர் குடுக்கிறீங்களா?" எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். வீடு வாங்க வந்தவர் அங்கே ஒருவருமில்லை என்பது அவருக்கு மெல்ல உறைத்தது.

நாங்கள் கீழே இறங்கியபோது தோர்ஃபின் வாசல் கதவோரம் பனியில் நின்றுகொண்டிருந்தார், நீல உறையைக் கழற்றாமலே.

"மேல என்ன நடக்குது?"

"வரிசையில நின்னு உங்க தக்காளியைத் தின்றாங்க" என்றாள் இல்வா.

"என்ன சொல்றாங்க?"

"பிரமாதமாம்."

"பொய்" என்றார் தோர்ஃபின், பரம திருப்தியோடு.