ஆபீஸ் வேலைக்கு மட்டும்

கடை மேசை மேல் இரண்டு பேக்ஸ் மிஷின்கள் இருந்தன. சின்னதில் தொலைபேசி மாதிரியே பேசுவதற்கு ஒரு ரிசீவர் இருந்தது. பெரியது கறுப்பு நிறம். அதில் ரிசீவர் கிடையாது. கணேசமூர்த்தியின் கண் கறுப்பின் மேலேயே போனது.

ரந்தாவ் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் அவர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. கோலாலம்பூர் ஆபீசுக்குத் தினமும் பால் கணக்கைப் போனில் கத்திச் சொல்லி அலுத்துப்போயிருந்த மானேஜர் துரை, "நீயே சிரம்பான் போய் நல்லதாப் பார்த்து எடு" என்று அனுப்பியிருந்தார். இவ்வளவு பெரிய பொறுப்பு வந்தது இதுதான் முதல் தடவை என்பதால் கணேசமூர்த்தி முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

"எனக்குச் சின்னதையே கட்டும்மா" என்றார் பக்கத்தில் நின்ற முத்தப்பன். சிரம்பானில் வட்டிக்கடை வைத்திருக்கும் பெரிய புள்ளி. "பேப்பரும் வரணும், எங்க ஆச்சி ஊருக்குப் பேசவும் பேசணும். வீட்டுல இருக்கறது ஒரே லைன்தான்."

கடைப்பெண் லெட்சுமி கணேசமூர்த்தியிடம் திரும்பினாள். "சாருக்கு எஸ்டேட் ஆபீசுக்குங்களா? அந்த லைன்ல பேசறதுக்கும் போன் வருமா சார்?"

அவர் வாய் திறக்கும் முன் முத்தப்பன் சிரித்தார். "எஸ்டேட்டுன்னா கேக்கணுமா? லயத்துல ஒருத்திக்குப் பிள்ளை பொறந்தாலும் கிராணிக்குத்தான் போன் வரும். இவரு ஆள் விட்டுக் கூப்பிடணும். பாதி நேரம் அதே வேலையாத்தான் போகும், பாவம்!"

உண்மைதான். தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் வீடுகள் எதிலும் தொலைபேசி இல்லை. சாவோ பிரசவமோ, எல்லாச் செய்தியும் ஆபீஸ் போன் வழியாகத்தான் வரும். ஆனால் முத்தப்பன் சிரித்த சிரிப்பில் கணேசமூர்த்தியின் காது சூடேறியது. அதே லயத்தில் பிறந்து, பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த அப்பாவால் படிக்கவைக்கப்பட்டவர் என்பது சட்டையைத் தாண்டித் தெரிந்துவிட்டது போல இருந்தது.

"அதெல்லாம் அந்தக் காலம்" என்றார். "இப்ப ஆபீஸ் வேலைக்கு மட்டும்தான்."

"அப்படின்னா பெரியதே எடுங்க சார். மணி அடிச்சதும் இதுவே எடுத்துக்கும். பேச வர்றவங்களுக்குக் கூன்னு சத்தம்தான் கேக்கும். உங்களுக்குத்தான் பேச ஆள் யாரும் கிடையாதே" என்றாள் லெட்சுமி.

அதை நிறுத்தி வைக்க வழி உண்டா என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. முத்தப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். கணேசமூர்த்தி கேட்கவில்லை.

மிஷினை மாட்டிய பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். மணி அடித்ததும் பாய்ந்து அதே லைனில் இருந்த பக்கத்து மேசைத் தொலைபேசியை எடுத்துவிட்டால் மிஷினை முந்திக்கொள்ளலாம். ஆரம்பத்தில் அப்படித்தான் சமாளித்தார். "என்ன சார், கோழி புடிக்கப் பாயற மாதிரி பாயறீங்க!" என்று சின்னக் கிராணி முருகையா கிண்டல் செய்தான்.

அந்தச் சமயத்தில்தான் பஞ்சாலை ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். பால் மரம் வெட்டுகிறவள். அவள் அப்பா சன்னாசி சிரம்பான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அங்கே பக்கத்தில் ரஹாங்கில் இருக்கும் அண்ணன் ஆறுமுகம் கூட இருந்து பார்த்துக்கொண்டான்.

"ஐயா, நானும் போயி அப்பா பக்கத்துல இருந்துக்கவா? மனசு சரியில்ல."

"இப்பவே போயி எத்தன நாளைக்கு ஒக்காந்திருப்ப? பேர் போயிடும்லா, கூலி கிடைக்காது. வேலைக்குப் போ. ஆறுமுகம் போன் பண்ணுனா அடுத்த நிமிஷம் உனக்கு ஆள் அனுப்பறேன்."

"நீங்க சொன்னா சரிங்க ஐயா" என்று வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டொரு நாளில் ஒரு காலை, மிஷினைப் பார்க்க அக்கம்பக்கத்து எஸ்டேட் மானேஜர்கள் இருவரைத் துரை அழைத்து வந்தார். கணேசமூர்த்தி மிஷின் பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். மணி அடித்தது.

கால் தானாக நகர்ந்தது. "இரு, இரு" என்று துரை கையை நீட்டித் தடுத்தார். "தானா எடுக்கும், பாருங்க!"

மிஷின் எடுத்தது. கூவியது. பேப்பர் எதுவும் வரவில்லை.

"லைன் சரியில்ல போல" என்றார் ஒரு மானேஜர். மறுபடியும் மணி அடித்தது, மறுபடியும் கூவல், மறுபடியும் பேப்பர் வரவில்லை. கணேசமூர்த்திக்குத் தெரிந்துவிட்டது. பேக்ஸ் அனுப்புகிறவன் இப்படி விட்டு விட்டு அடிக்கமாட்டான். யாரோ பேசத் துடிக்கிறார்கள். ஓடிப்போய் மேசைத் தொலைபேசியைத் தூக்கினால், 'இந்த மிஷின் நம்ம ஆபீசுக்குச் சரிவராது துரை, லயத்துக்கும் இதுலதான் போன் வரும், நான் கடையில மறைச்சேன்' என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டிவரும்.

அவர் பேப்பர் உருளை மாற்றும் விதத்தை விளக்கத் தொடங்கினார். மூன்றாவது முறை மணி அடித்தபோது குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

"நல்ல செலக்‌ஷன், கணேசமூர்த்தி" என்று துரை தோளில் தட்டினார்.

பிற்பகலில் ஆறுமுகம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். அழுது முகம் வீங்கியிருந்தது.

"என்ன சார் உங்க போனு? போட்டா கூ கூன்னு கத்துது! அப்பா, 'பஞ்சாலை எங்க, பஞ்சாலை எங்க'ன்னு வாசலையே பாத்துக்கிட்டிருந்தாரு. அவர விட்டுட்டு நான் வரவும் முடியல. இப்ப முடிஞ்சிபோச்சு சார். காலையிலயே அவளுக்குச் சொல்ல முடிஞ்சிருந்தா மொகத்தையாவது பாத்திருப்பா."

துரை அறையிலிருந்து எட்டிப்பார்த்தார். "மிஷின் கோளாறா? கடைக்காரனைக் கூப்பிட்டுக் கேளு."

கணேசமூர்த்தி தலையாட்டினார்.

மறுநாள் ரஹாங்கில், ஆறுமுகத்தின் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். கணேசமூர்த்தி மாலையோடு போனார். உள்ளே பஞ்சாலை அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அந்தப் பாழும் மிஷினைத் திட்டி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"வந்தீங்களா ஐயா. அண்ணன் ஆத்திரத்துல ஏதும் பேசியிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க. மிஷினு கெட்டுப்போனா நீங்க என்ன பண்ணுவீங்க? ஒங்க காதுல விழுந்திருந்தா ஓடி வந்திருக்கமாட்டீங்களா?"

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"மிஷின் கெட்டுப்போகல, பஞ்சாலை" என்றார். "போன் அடிச்சப்ப நான் பக்கத்துலதான் நின்னேன்."

"நின்னீங்களா?"

"உங்கண்ணன் போனாத்தான் இருக்கும்னு மனசுல பட்டுச்சு. துரைமாருங்க இருந்தாங்க. ஓடி எடுக்க வெக்கமா இருந்துச்சு. கடையிலயே அந்தப் பொண்ணு கேட்டா. லயத்து ஜனங்களுக்கும் அதுலதான் போன் வரும்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இத எடுத்துட்டு வந்தேன்."

பஞ்சாலை அவர் முகத்தையே பார்த்தாள்.

"எங்கப்பாவும் உங்கப்பாவும் ஒண்ணாத்தானே மரம் வெட்டுனாங்க. அதச் சொல்லவா வெக்கம்?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. திரும்பிப் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்து, மார்பில் கை வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். இந்த முறை பாட்டில் மிஷின் இல்லை.

"ரப்பர் மரம் தாண்டி வந்த கொரலு
வாசலுல நின்னுச்சே,
கேட்ட காது ரெண்டையுமே
கெளரவம் வந்து மூடுச்சே,
என்னப் பெத்த அப்பாவே!"

சுற்றியிருந்த பெண்கள் கடைசி அடியை வாங்கிப் பாடினார்கள். பந்தல் நாற்காலிகளில் இருந்த ஆண்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஒருவர், "வாங்க சார், கொஞ்ச நேரம் வெளிய நிக்கலாம்லா" என்று மெதுவாகக் கையைப் பிடித்தார்.

கணேசமூர்த்தி கையை விடுவித்துக்கொண்டார். மாலை இன்னும் கையிலேயே இருந்தது. பஞ்சாலை மூச்சு வாங்கினாள். அடுத்த அடியில் தன் பெயர் வரும் என்று அவருக்குத் தெரிந்தது. அதற்காக நின்றார்.